குறிப்புகளை எளிய உரைக்கோப்பில் வைப்போம்

கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். இருந்ததை நிறுவ, இல்லாத நாட்களை எழுதிக் காட்ட வேண்டும்: எந்தத் தேதியில் புறப்பட்டார், எந்தத் தேதியில் திரும்பினார், எந்த நாட்டுக்குப் போனார், எதற்காகப் போனார். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பட்டியல் சிறியதாக இருப்பதில்லை. கொழும்பு வழியாக யாழ்ப்பாணம், சென்னையில் ஒரு மாதம், லண்டனில் மாமா வீட்டுக் கலியாணம், நியூ ஜேர்சியில் ஒரு சாமத்திய வீடு. படிவத்தைத் திறந்த பிறகுதான் கடவுச்சீட்டின் மங்கிய முத்திரைகளையும், பழைய மின்னஞ்சலில் எங்கோ கிடக்கும் விமானச் சீட்டுகளையும் தேடத் தொடங்குகிறார்கள். சிலர் நினைவை நம்பி எழுதுகிறார்கள். தேதி பிழைத்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மாதங்கள் கழியும்.

இந்த அலைச்சலுக்கு ஒரு வரி போதும். பயணம் முடிந்து வீடு வந்த அன்று, கணினியில் ஒரு கோப்பைத் திறந்து இப்படி எழுதிவைத்தால் சரி:

2024-12-12 2025-01-20 யாழ்ப்பாணம், தங்கையின் கலியாணம்

புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் கனடாவில் இருந்த நாட்களாகவே குடிவரவுத் திணைக்களம் கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் இந்தப் பயணத்தில் கழிபடுவது 38 நாட்கள். ஐந்து ஆண்டில் இப்படி ஏழெட்டு வரிகள் சேரும். கோப்புக்கு ‘பயணம்’ என்று பெயர் வைக்கலாம். அதற்குச் செயலி எதுவும் தேவையில்லை, கணக்குத் திறக்க வேண்டாம், சந்தா கட்ட வேண்டாம். விண்டோஸில் நோட்பேட், மாக்கில் டெக்ஸ்ட்எடிட், லினக்ஸில் எந்தத் தொகுப்பானும் அதைத் திறக்கும். இருபது ஆண்டுக்கு முந்தைய கணினியிலும் திறக்கும். இருபது ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் கணினியும் திறக்கும் என்று நம்பப் போதிய காரணம் உண்டு.

எழுத்துருவோ நிறமோ பக்க அமைப்போ எதுவும் ஒட்டாத, எழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பு இது. டெக்ஸ்ட் ஃபைல் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றாட வேலைப் பட்டியலும் குறிப்புகளும் இத்தகைய கோப்பில்தான் இருக்க வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். எல்லோருக்கும் பொருந்தும் வாதம்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு, அதிலும் புலம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு, இது கூடுதலாகப் பொருந்துகிறது.

வேலைப் பட்டியல் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. பெர்லினில் உருவான வண்டர்லிஸ்ட், கடைச் சாமான் முதல் அலுவலகத் திட்டம் வரை கோடிக்கணக்கான வரிகளைச் சுமந்தது. 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2020 மே 6ஆம் தேதி மூடியது. பட்டியல்களைத் தன் இன்னொரு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தது உண்மை. ஆனால் எப்போது மாறுவது, எங்கே மாறுவது என்பதைப் பயனர் தீர்மானிக்கவில்லை. எவர்நோட்டின் கதை வேறு மாதிரி. 2008இல் பொதுமக்களுக்கு வந்து, ஒரு தலைமுறையின் குறிப்பேடாகவே இருந்த அந்தச் செயலியை வாங்கப்போவதாக 2022 நவம்பரில் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், பணம் கட்டாதவர்களுக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வந்தது. பழைய குறிப்புகளைப் படிக்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக ஒன்று எழுதப் பணம் கட்ட வேண்டும், அல்லது இருப்பதில் சிலவற்றை அழிக்க வேண்டும். பத்தாண்டுக் குறிப்புகளை ஓரிடத்தில் சேர்த்தவருக்கு இது சிறிய சங்கடமல்ல.

நிறுவனங்கள் விலை உயர்த்துவதிலும் கடை மூடுவதிலும் சட்டப் பிழை கிடையாது. பிழை வேறிடத்தில் இருக்கிறது: சொந்தக் குறிப்பைப் படிக்க அந்நிய நிறுவனத்தின் உயிர் தேவை என்ற ஏற்பாட்டில்.

ரொறன்ரோவாசிகள் இன்னொரு நாளையும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே, இந்நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் இல்லை. இன்டராக் பணப்பரிமாற்றம் நின்றதால் கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. சிலரால் 911ஐக்கூட அழைக்க முடியவில்லை. தன் அன்றைய வேலைகளையும் தொலைபேசி எண்களையும் இணையத்தில் மட்டும் வைத்திருந்த ரோஜர்ஸ் வாடிக்கையாளர், கையில் கருவி இருந்தும் அவற்றைப் பார்க்க முடியாதவராக இருந்தார். வட்டில் இருந்த உரைக்கோப்புக்கு அன்றும் வழக்கமான ஒரு நாள்தான்.

இவையெல்லாம் உலகப் பொதுவான காரணங்கள். தமிழருக்கே உரிய காரணம் பாமினியில் தொடங்குகிறது.

1990களில் ஈழத்தமிழரும் புலம்பெயர்ந்தவர்களும் கணினியில் தமிழ் எழுதியது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். பத்திரிகைப் பக்கங்கள், நினைவு மலர்கள், கோயில் அறிவித்தல்கள், ஊர்ச் சங்கக் கூட்டறிக்கைகள் எல்லாம் அதில்தான் தட்டச்சாயின. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை திரையில் ‘தமிழ்’ தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. அதே காலத்தில் மயிலை, அஞ்சல், தமிழ்நாட்டின் பல பத்திரிகை எழுத்துருக்கள் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் எழுத்துகளை வைத்திருந்தன. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரம்பு கட்டவே கூடியது.

சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சிறந்த சான்று. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் அந்த முயற்சி, முதலில் மயிலை எழுத்துருவிலும், பின்னர் தகுதரம் எனப்பட்ட டிஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் தன் நூல்களைத் தந்தது. ஒரே நூலை மூன்று குறியீடுகளுக்கு மாற்றும் உழைப்பு அவர்களுக்கு வாய்த்தது, ஏனென்றால் கவனித்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ஊர்ச் சங்கச் செயலாளரின் பழைய கணினிக்கு அப்படிக் கவனிப்பார் யாரும் இல்லை. சுரதாவின் எழுத்துமாற்றியும் சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றியும் எத்தனையோ கோப்புகளை மீட்டிருக்கின்றன. மீட்க யாரும் முன்வராத கோப்புகள் நெகிழ்வட்டுகளோடு போய்விட்டன.

ஆகவே, எழுதியது இருக்கிறது ஆனால் படிக்க முடியவில்லை என்ற இழப்பைத் தமிழர் ஏற்கெனவே ஒரு முறை அனுபவித்தாயிற்று. அன்று எழுத்துரு செய்ததை இன்று மூடிய செயலி செய்யும். அன்று தொழில்நுட்பம் அவ்வளவுதான் என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது.

சொல்ல முடியாததற்கு ஒரு காரணம், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர்.

ரொப் பைக் கனடியர். ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பட்டதாரி. நியூ ஜேர்சியின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1992 செப்டம்பரில் ஓர் உணவகத்தில் அவரும் சக ஆய்வாளர் கென் தொம்சனும் உட்கார்ந்து பேசுகையில், மேசைவிரிப்புத் தாளில் தொம்சன் போட்ட கணக்கே யூடிஎஃப்-8. இன்று இணையத்தின் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களும் அந்தக் குறிமுறையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண்களைக் கோப்பில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு யூடிஎஃப்-8 தந்த விடைதான் பழைய உலகத்தையும் புதிய உலகத்தையும் உடையாமல் இணைத்தது.

அதன் நுட்பம் சற்று நின்று பார்க்கத் தக்கது. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக்குறிக்கும் பழையபடி ஒரே பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். அந்த மூன்றில் எதுவுமே ஆங்கில எழுத்தின் பைட்டாகத் தோற்றம் காட்டாது. அதனால், தமிழ் என்ற மொழி இருப்பதையே அறியாத யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஒரு பழைய கருவிகூட, ஒரு தமிழ்க் கோப்பை வரி வரியாகப் பிரிக்கும், அடுக்கும், தேடும். எந்த எழுத்தும் நடுவில் அறுபடாது. பாமினிக் கோப்பில் அரைப்புள்ளியைத் தேடினால் அது புள்ளி வைத்த எழுத்துகளில் எல்லாம் போய் நிற்கும். யூடிஎஃப்-8 கோப்பில் அரைப்புள்ளி அரைப்புள்ளியாக மட்டுமே இருக்கும்.

பைக்கோடு சேர்ந்து 1984இல் யூனிக்ஸ் பற்றிய புகழ்பெற்ற பாடநூலை எழுதிய பிரையன் கெர்னிகன் பிறந்தது ரொறன்ரோவில், 1942இல். அவரும் இதே பல்கலைக்கழகத்தில் பொறியியற் பௌதிகம் படித்து 1964இல் வெளியேறியவர். சி மொழியின் முதல் நூலை டெனிஸ் ரிச்சியோடு எழுதியவர். 1977இல் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஆக்’ என்ற சிறுமொழியின் பெயரில் ஓர் எழுத்து அவருடையது. உரைக்கோப்பை வரி வரியாகப் படித்து, வேண்டிய வரியைப் பொறுக்கி, எண்ணிக் கூட்டிச் சொல்வதுதான் அதன் வேலை. மேலே சொன்ன ‘பயணம்’ கோப்பில் கழிபடும் நாட்களைக் கூட்டித் தர, அதில் சில வரிகள் எழுதினால் போதும்.

2022இல், 80 வயதில், கெர்னிகன் அந்தப் பழைய நிரலைத் திறந்து யூனிகோட் ஆதரவைச் சேர்த்தார். அதுவரை அவருடைய மூல ‘ஆக்’கிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்றே சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணியது. இப்போது 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழ்ப் பிள்ளை எண்ணினால் மூன்று எழுத்து. அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது. ஆனாலும் 45 ஆண்டு பழைய கருவியை, அதைச் செய்தவரே எண்பதாம் வயதில் ஆங்கிலமல்லாத மொழிகளுக்காகத் திருத்தியது சாதாரணச் செய்தி அல்ல. கருவி இத்தனை காலம் உயிரோடு இருந்தது, அது கையாளும் கோப்பு வடிவம் மாறாததால்தான்.

மூன்றாவது பெயர் ஹென்றி ஸ்பென்சர். 1980களில் ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேடும் நிரல் தொகுதியை எழுதி எவரும் எடுத்துக்கொள்ளும்படி விட்டார். பெர்ல் மொழியின் தேடல் திறன் அதிலிருந்து வளர்ந்தது. வேறு பல மென்பொருள்களும் அதை ஏற்றுக்கொண்டன. அவருடைய இன்னொரு செயல் அதைவிட வியப்பானது. அந்நாளில் உலகக் கணினிகளுக்கிடையே ஓடிய யூஸ்நெட் உரையாடல்களை, அழித்துவிடாமல் 1981 முதல் 1991 வரை காந்த நாடாக்களில் ஏற்றிவைத்தார். 141 நாடாக்கள், 20 லட்சத்துக்கும் மேலான செய்திகள். மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் அந்த நாடாக்களைப் படித்தெடுத்தார்கள். 2001 டிசம்பரில் கூகுள் அவற்றைப் பொதுவில் வைத்தது. நாடாவைச் சுழற்றும் இயந்திரம் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. உள்ளே இருந்தது எளிய உரை என்பதால், வெளியே வந்ததும் அப்படியே படிக்க முடிந்தது.

ஒரே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய மூவர்: ஒருவர் எழுத்தைக் கோப்பில் வைக்க வழி செய்தார், ஒருவர் வரிகளை எண்ணக் கருவி செய்தார், ஒருவர் தேடவும் காக்கவும் செய்தார். ரொறன்ரோத் தமிழர் தங்கள் குறிப்புகளை உரைக்கோப்பில் வைக்க, இதைவிட அருகில் ஒரு முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

இனி நடைமுறை. உரைக்கோப்பில் வேலைகளை நிர்வகிப்பது என்றால் ஒழுங்கில்லாமல் கொட்டிவைப்பது அல்ல. 2006இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜீனா ட்ரபானி முன்வைத்த ‘டுடூ’ உரைக்கோப்பு முறையில் ஒரு வேலைக்கு ஒரு வரி. வரித் தொடக்கத்தில் முக்கியத்துவத்தைக் காட்டும் எழுத்து, திட்டத்தின் பெயருக்கு முன் கூட்டல் குறி, எங்கே செய்வது என்பதற்கு முன் மின்னஞ்சலில் வரும் அந்தச் சுழிக் குறி. முடித்த வேலையின் முன் ஓர் எக்ஸ். இதற்கு மேல் விதிகள் மிகச் சில. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆழமாகப் போக விரும்புவோருக்கு ஓர்க் மோட் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், தன் ஆய்வுக் குறிப்புகளுக்கும் வேலைகளுக்கும் ஒரே இடம் வேண்டும் என்று 2003இல் ஈமாக்ஸ் தொகுப்பானுக்காக எழுதியது. ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் தலைப்பு, இரண்டு வைத்தால் துணைத்தலைப்பு. தலைப்பின் முன் நிலையைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அமைப்பில் ஒரு வரி மாற்றினால் ‘செய்’, ‘முடிந்தது’ என்று தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக் கோப்பு இப்படி இருக்கும்:

* வீடு
** செய் சுகாதார அட்டை புதுப்பித்தல் <2026-03-10>
** செய் வருமானவரி, கடைசி நாள் <2026-04-30>
** முடிந்தது குளிர்காலச் சக்கரம் மாற்றல்

ஒரு விசையை அழுத்தினால் எல்லாக் கோப்புகளிலிருந்தும் இந்த வாரத் தேதிகள் மட்டும் திரண்டு ஒரே பட்டியலாக வரும். மூலக் கோப்பில் எதுவும் மாறாது. நாளைக்கு ஈமாக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் மேலே உள்ள நான்கு வரிகள் எந்த மனிதருக்கும் புரியும். இந்த முறையின் மிகப் பெரிய வலு இதுவே.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது முக்கியம். கனடாவில் 03/04 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும் இங்கே ஒன்றாக ஓடுகின்றன. அரசுப் படிவங்கள் பல ஆண்டு-மாதம்-நாள் என்றே கேட்கின்றன. அப்படி எழுதிய வரிகளை எழுத்து வரிசையில் அடுக்கினால், தானாகவே கால வரிசையில் நிற்கும்.

குடியேறியவர் வாழ்க்கையில் இத்தகைய தேதிகள் இங்கேயே பிறந்தவர்களைவிட அதிகம். நிரந்தர வதிவிட அட்டை பொதுவாக 5 ஆண்டு. வதிவிட உரிமை நிலைக்க 5 ஆண்டில் 730 நாள் இங்கே இருக்க வேண்டும். வருமானவரி ஆவணங்களை, அவை சார்ந்த வரி ஆண்டு முடிந்து 6 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது வரித் திணைக்களம். சாரதி அனுமதிப்பத்திரம், வாகனக் காப்புறுதி, பெற்றோரின் விசா, ஊரில் உள்ள காணியின் உறுதிக்கான நடைமுறைகள். இவற்றில் பாதி ஆங்கிலத்தில் எழுதும் விடயம், பாதி தமிழில்தான் எழுத முடியும். ‘கச்சேரியில் கேட்ட பத்திரம், விதானையார் கையெழுத்து’ என்ற குறிப்பை எந்த ஆங்கிலச் செயலியின் வகைப்பாட்டில் போடுவது? உரைக்கோப்பு வகைப்பாடு கேட்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. உரைக்கோப்பு மணி அடிக்காது. மருந்து வேளையையும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும் நேரத்தையும் கைத்தொலைபேசியின் நாட்காட்டியில் வைப்பதே சரி. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் திருத்தும் கடைப் பட்டியலுக்கும் இது தோதல்ல. இரு கருவிகளில் ஒரே வேளையில் மாற்றினால் இரண்டு பிரதிகள் உண்டாகிவிடும். ஈமாக்ஸ் கற்கப் பொறுமை வேண்டும். 1976இல் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்த தொகுப்பான் அது, அதன் விசைக் கூட்டுகளும் அந்தக் காலத்தவை.

தமிழுக்கென்றே சில இடைஞ்சல்கள் உண்டு. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் ஓர்க் மோட் அட்டவணைகளில் பத்திகள் நேராக நிற்பதில்லை. அட்டவணை தேவைப்படும் இடத்தில் விரிதாளே மேல். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்பதை யூனிகோடில் ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எளிய தேடலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ‘கொழும்பு’ என்று தேடிக் கிடைக்காவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். எல்லாக் கருவியிலும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

நோட்பேட் பற்றி ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்புக்குப் பிறகுதான் அது இயல்பாக யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினியில் ‘ஆன்சி’ என்ற முறையில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. மாக்கின் டெக்ஸ்ட்எடிட், வடிவமைப்போடு கூடிய ஆவணமாகவே தொடங்கும். எளிய உரையாக மாற்றும்படி அதற்குச் சொல்ல வேண்டும். ஈமாக்ஸில் 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்புக் கருவி சேர்ந்திருப்பதால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. பல மொழிகளில் வாழ்த்துச் சொல்லும் அதன் வரவேற்புக் கோப்பில் ‘வணக்கம்’ என்ற சொல்லும் இருக்கிறது.

கடவுச்சொற்களும் சமூகக் காப்புறுதி எண்ணும் வங்கி விவரமும் இந்தக் கோப்புகளில் ஒருபோதும் இருக்கக் கூடாது. எவராலும் படிக்க முடிவது என்ற குணம், திருடனுக்கும் பொருந்தும்.

நிரல் தெரியாதவர்களுக்கு இது எட்டாத காரியம் என்று சிலர் நினைக்கலாம். ரொறன்ரோவுக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் சந்தித்த ஷிடா லீ, எரிக்கா ஷூ என்ற இருவர், 2020 மார்ச்சில், பெருந்தொற்று ஊரடங்கின் தொடக்கத்தில், ஒப்சிடியன் என்ற குறிப்பேட்டு மென்பொருளை வெளியிட்டார்கள். அழகான முகப்பு, கைத்தொலைபேசிச் செயலி, குறிப்புகளுக்கிடையே இணைப்பு எல்லாம் உண்டு. ஆனால் அடியில் இருப்பவை பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ள எளிய உரைக்கோப்புகள். ஒப்சிடியன் நாளை மறைந்தாலும் நோட்பேடில் அவற்றைத் திறக்கலாம். தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்கு முதலில் பரிந்துரைக்கத் தக்கது ஈமாக்ஸ் அல்ல, இதுதான்.

மிசிசாகாவில் வாழும் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ரொபர்ட் சோயர் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். உலகமே கைவிட்ட வேர்ட்ஸ்டார் மென்பொருளில்தான் தன் நாவல்களை எழுதி வந்தவர் அவர். அதன் கடைசிப் பதிப்பு 1992இல் வந்தது. 2024 ஆகஸ்டில், அந்தப் பதிப்பையும், அதை இன்றைய கணினியில் ஓட்டத் தேவையான போலிப்பொறி மென்பொருள்களையும், வருடிய கையேடுகளையும் ஒரே தொகுப்பாக்கி எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார். தன் கருவியின் மேல் ஓர் எழுத்தாளர் வைத்த பற்று போற்றத்தக்கது. ஆனால் நிறுவனம் மறைந்த பிறகு ஒரு மென்பொருளை உயிரோடு வைக்க எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது என்பதையும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. உரைக்கோப்புக்கு அந்த உழைப்பு தேவைப்படாது.

தனிமனிதரின் பட்டியலைவிட அவசரமானது சங்கங்களின் நிலை. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தமிழ்ப் பள்ளிகள் ஏராளம். ஊரில் ஒரு பாடசாலைக்குக் கட்டிய வகுப்பறை, சுனாமிக்குச் சேர்த்த நிதி, 2009க்குப் பிறகு அனுப்பிய உதவி எல்லாம் இவற்றின் கூட்டறிக்கைகளில்தான் பதிவாகியிருக்கின்றன. அந்த அறிக்கைகள் இருப்பது ஒரு முன்னாள் செயலாளரின் பழைய மடிக்கணினியில், பாமினியில் எழுதிய வேர்ட் கோப்புகளாக, அல்லது யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில். நிர்வாகசபை மாறும்போது முத்திரையும் வங்கிப் புத்தகமும் கைமாறுகின்றன. குறிப்புகள் பெரும்பாலும் கைமாறுவதில்லை. புதிய செயலாளர் வெறுங்கையோடு தொடங்குகிறார்.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் வருடிச் சேர்த்து வருகிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் அதனோடு சேர்ந்து பணிபுரிந்திருக்கிறது. அச்சானவற்றைக் காக்க இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அச்சாகாத சங்கக் குறிப்புகள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், முதலில் அவை படிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் 2021 அக்டோபர் 19 முதல் நடைமுறையில் இருக்கும் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம், உறுப்பினர் கூட்டங்களின் அறிக்கைகளையும் பணிப்பாளர் கூட்டங்களின் அறிக்கைகளையும் வைத்திருப்பதைப் பதிவு செய்த சங்கங்களின் கடமையாக்கியிருக்கிறது. எந்த வடிவில் என்பதைச் சங்கங்களே தீர்மானிக்கலாம். ஒரு கோப்புறை, அதற்குள் கூட்டத்துக்கு ஒன்றாகத் தேதியைப் பெயராகக் கொண்ட யூடிஎஃப்-8 உரைக்கோப்புகள், ‘தீர்மானம்’, ‘செய்’, ‘முடிந்தது’ என்ற மூன்று சொற்களால் தொடங்கும் வரிகள், கையெழுத்திட்ட பிரதியின் வருடிய படம் பக்கத்தில், செயலாளர், பொருளாளர், தலைவர் மூவரிடமும் ஒவ்வொரு பிரதி. இதைச் செய்யத் தொழில்நுட்பக் குழு வேண்டாம், செலவும் இல்லை. பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தர, எழுத்துமாற்றி தெரிந்த ஓர் இளைஞரும் பிழை திருத்தத் தமிழ் தெரிந்த ஒரு மூத்தவரும் சில வார இறுதிகளில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். அந்த மூத்தவர்கள் பலருக்கு எண்பது வயது நெருங்குகிறது என்பதால் வேலையை இந்த ஆண்டே தொடங்குவது நல்லது. நிர்வாகம் மாறும் நாளில் இந்தக் கோப்புறையும் கைமாற வேண்டும் என்று யாப்பில் ஒரு விதி சேர்க்க விரும்பும் சங்கங்கள், யாப்புத் திருத்தத்துக்கு முன்னறிவித்தல் தேவை என்பதைக் கவனத்தில் கொண்டு, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பிலேயே அந்தத் தீர்மானத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.